கதவில்லாத அறைக்கு ஒரு திரை

போன கிழமை எங்கள் வீட்டுக்குள் ஒரு நீலத் துணி பறந்தது. சும்மா இல்லை... கூரையைத் தொடப்போவது போல, தரைக்குச் சமாந்தரமாக, ஒரு முழுக் காலைப்பொழுதும் பறந்தது.

அதைத் தைத்த புண்ணியவதி நான்தான்.

ஆகஸ்ட் விடுமுறை. பள்ளிக்கூடம் இல்லை, கொப்பி திருத்தும் வேலையும் இல்லை. ஒரு ரீச்சரின் கையில் நேரமும் போனும் சேர்ந்து கிடைத்தால் என்ன நடக்கும்? ‘கோடை விடுமுறையில் வீட்டிலேயே தைக்கலாம் - ஐந்து சுலபமான வேலைகள்’ என்ற வீடியோவைப் பார்த்தேன். தமிழ்நாட்டுப் பிள்ளை ஒன்று. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ‘ரொம்ப ஈஸிங்க’ என்று சிரிக்கிறது. அந்தச் சிரிப்பை நம்பினேன்.

முதல் வேலை தலையணை உறை. நேர்த்தியாகத் தைத்தேன் - நாலு பக்கமும். என் கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தலகணி உள்ள போறது எப்பிடி? செபமாலை சொல்லியோ?” என்று கேட்டார்.

இரண்டாவது, துணிப் பை. முருங்கன் பஸ் தரிப்பிடத்தில் அதன் கைபிடி என் கையில் இருந்தது. பை கீழே இருந்தது. கத்தரிக்காய்கள் ஊர் பார்க்கப் புறப்பட்டிருந்தன. பொறுக்கித் தந்த கொண்டக்டர், “அடுத்தமுறை சொப்பின் பை கொண்டு வாங்கோ அக்கா” என்று புத்தி சொன்னார். பொலித்தீனுக்கு எதிராகப் போன வருடம் இதே பத்தியில் முழங்கியவள் நான். கத்தரிக்காய்களை மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மூன்றாவது வேலைதான் திரை. மேலே ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு, பக்கத்துக்கு ஒரு நேர்க்கோடு. ஐந்திலும் இதுதான் மிகச் சுலபமாம். ஆனால் இதை நான் பொழுதுபோக்குக்குத் தைக்கவில்லை. றீற்றாவுக்காகத் தைத்தேன்.

றீற்றா என் கணவரின் தங்கச்சி. முப்பத்தெட்டு வயது. ஒன்பது வருடம் வளைகுடாவில் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டு, உயிர்த்த ஞாயிறு கழிந்த கையோடு வந்து சேர்ந்தாள். எங்களோடுதான் இருக்கிறாள். அவளுக்கு நடு அறையைக் கொடுத்தோம்.

நடு அறைக்கு நிலை இருக்கிறது, கதவு இல்லை. வீடு கட்டும்போது வெளிக்கதவுகளைப் போட்டதோடு எங்கள் கை காய்ந்துவிட்டது. பிறகு அந்த அறையில் வலையும் கயிறும் மிதவையும் அரிசி மூட்டையும் குடியேறின. வலைக்கு எதற்குக் கதவு? அப்படியே விட்டுவிட்டோம்.

என் கணவருக்குப் படகுத் தொழில். றீற்றா வந்த பிறகும் அவருடைய சாமான்கள் அந்த அறையில்தான். வலை ஊசி எடுக்கப் போவார். கயிறு எடுக்கப் போவார். எதை எடுக்க வந்தோம் என்பதை மறந்துபோய்த் திரும்பி வந்து, நினைவு வந்ததும் மறுபடி போவார். அவர் போகும் ஒவ்வொரு தடவையும் றீற்றா எழுந்து நின்றாள். சொந்த அண்ணனுக்கு... வேலை சொல்ல வந்தவருக்கு முன்னால் நிற்பதுபோல.

இன்னொன்றையும் கவனித்தேன். அவள் மத்தியானத்தில் படுப்பதே இல்லை.

மன்னார் மத்தியானத்தை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். தெற்கிலிருந்து வரும் சோளகக் காற்று பனைகளுக்குள் புகுந்து ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்கும். யன்னலால் வந்த மணல் சீமெந்துத் தரையில் மெல்ல ஊரும். மதில் நிழலில் கழுதைகள் நின்ற நிலையிலேயே கண்ணை மூடிவிடும். அந்த நேரத்தில் தெருவே ஒரு கனவுக்குள் இறங்கிவிடுகிறது. நாங்கள் இரண்டு பேரும் இறங்கிவிடுவோம். றீற்றா மட்டும் கரையில் நிற்பாள் - கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, வாசலைப் பார்த்தபடி, கால் இரண்டையும் தரையில் ஊன்றிக்கொண்டு.

இரவிலும் அரைகுறைத் தூக்கம்தான் என்று அவளுடைய கண்ணே சொன்னது. ஒரு மத்தியானமாவது இந்தப் பிள்ளை கால் நீட்டிப் படுக்க வேண்டும். எனக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான்.

கதவுக்குத் தச்சு வேலைக்காரரிடம் சொன்னேன். “மடு மாதா திருவிழா முடியட்டும் ரீச்சர்” என்றார். ஆகஸ்ட் மாதத்தில் மன்னாரில் எந்த வேலைக்கும் இதுதான் பதில். கணவரிடம் சொன்னேன். “வீட்டுக்குள்ள நாங்கள் மூண்டு பேர்தானே. இதில ஆருக்கு ஆர் அந்நியம்?” என்றார். நல்ல மனிதர். தங்கச்சி வந்த அன்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதவர். கேள்வியும் நல்ல கேள்விதான். ஆனால் றீற்றா இன்னும் எழுந்து நின்றுகொண்டுதான் இருந்தாள்.

அதனால்தான் திரை.

பஜாரில் நான் வழக்கமாகத் துணி எடுக்கும் கடையில், கடைக்கார நானா கேட்டார்: “எந்தப் பக்க வாசலுக்கு ரீச்சர்?”

“உள் அறைக்கு நானா. தெற்கு யன்னலுக்கு நேர.”

“அப்ப பாரமான துணியா எடுங்கோ. சோளகம் சும்மா விடாது.”

கேட்டேனா? வீடியோப் பிள்ளை மெல்லிய துணியில் அல்லவா தைத்தது? விடியற்காலைக் கடல்போல ஒரு வெளிர் நீலம், கையில் எடுத்தால் இருப்பதே தெரியாது. அதையே வெட்டச் சொன்னேன். நானா கத்தரிக்கோலை எடுத்தார். நாற்பது வருடமாகத் துணி விற்பவர், மனிதர்களைத் தெரியும்.

தைத்த அந்தப் பின்னேரத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். என்னுடையது கையால் சுற்றும் மெஷின். றீற்றா கைபிடியைச் சுற்றினாள், நான் துணியைப் பிடித்தேன். நீலம் மேசையின் மறுபக்கம் இறங்கிக்கொண்டே இருந்தது... இறங்கிக்கொண்டே இருந்தது. கேட்பது மெஷினா, காற்றா, தூரத்துக் கடலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அரைமணி நேரம் எனக்கு எத்தனை வயது என்பதே மறந்துபோயிற்று. தைக்கத் தெரியாதவர்களும் ஒருமுறை இப்படித் தைத்துப் பார்க்கலாம்.

அடுத்த நாள் காலை மாட்டினோம். பத்து மணிக்குக் காற்று எழும்பியது. பிறகு நடந்ததை முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

ஒரு விஷயம் அன்றைக்குத்தான் விளங்கியது. வெறும் நிலையை ஒருவரும் பார்ப்பதில்லை. துணி படபடக்கிற நிலையை எல்லோரும் பார்க்கிறார்கள். மீன் வாங்க வந்தவரும் பார்த்தார், தண்ணீர் பில் கொண்டுவந்தவரும் பார்த்தார். உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த றீற்றா சீப்பும் கையுமாக எழுந்து நின்றாள். நான் தைத்துக் கொடுத்த மறைப்பு அவளை மேடையில் ஏற்றிவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

விடுவேனா? அடுத்த நாள் விடியவே கழற்றி, திரையின் இரண்டு பக்கமும் நாடா தைத்தேன். நிலையில் ஆணி அடித்து இறுக்கிக் கட்டினேன். துணி அசையவில்லை. “இப்ப எப்பிடி?” என்றேன், வெளியே நின்று, வெற்றிப் பெருமிதத்தோடு.

உள்ளேயிருந்து, “அண்ணி, கட்டாதேங்கோ” என்று கேட்டது.

அப்போதுதான் பார்த்தேன். முடிச்சுகள் எல்லாம் என் பக்கம் இருந்தன.

பதறிப்போய் அவிழ்த்தேன். றீற்றா கோபிக்கவில்லை. நூல் கட்டையைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னாள்:

“அங்கயும் என்ர அறைக்குக் கதவு இருந்தது அண்ணி. ஆனா ஆரும் தட்டிப்போட்டு வாறேல்ல. நினைச்ச நேரம் திறப்பினம்.”

“அடிச்சவையோ?”

“சீ, இல்லை. நல்ல சனம். சாப்பாடு, சம்பளம் எல்லாம் ஒழுங்கு.” நூல் நுனியை விரலில் சுற்றினாள். “தட்டுறேல்ல. அவ்வளவுதான்.”

நான் நினைத்தது அந்த வீட்டாரை மட்டும் இல்லை. இந்த நாலு மாதத்தில் நான் எத்தனை தடவை தேத்தண்ணியோடு அந்த அறைக்குள் விறுவிறுவென்று போயிருக்கிறேன்! ஒரு தடவையாவது வாசலில் நின்று கேட்டேனா? அன்பு கையில் இருந்தால் அனுமதி தேவையில்லை என்று நினைத்துவிட்டேன்.

றீற்றா துணியின் கீழ் விளிம்பைக் கையில் தூக்கிப் பார்த்தாள். “கனம் இல்லை அண்ணி. வலைக்கு அடியில என்ன போடுறவை?”

“ஈயக்குண்டு.”

“அதையே போடுவம்.”

கணவர் கடற்கரையில் இருந்தார். ஈயக்குண்டு போட்டு வைத்திருக்கும் அவருடைய பால்மா டின்னை எடுத்தோம். தைக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம், அந்த வீடியோவில் இல்லை: கீழ் மடிப்பை நாலு விரல் அகலத்துக்கு விட வேண்டும். சாணுக்கு ஒரு குறுக்குத் தையல் போட்டால் வரிசையாகச் சின்னப் பைகள் வரும். பைக்கு ஒரு குண்டு. வாயை ஒரே ஒரு தையலால் மூடினால் போதும். தோய்க்கும்போது பிரித்து எடுக்கலாம். என் தையல் வழக்கம்போல் நெளிந்தது. றீற்றா போட்டதோ வலைக்காரர் முடிச்சு. சின்ன வயதில் தகப்பனோடு இருந்து கிழிந்த வலை பொத்திய கை, ஒன்பது வருடம் பாத்திரம் கழுவியும் மறக்கவில்லை.

மாட்டினோம். பதினொரு மணிக் காற்று வந்தது. திரை மூச்சு இழுப்பதுபோல் மெல்லப் புடைத்தது... பிறகு இறங்கியது. இறங்கும்போது குண்டுகள் தரையில் ‘டக், டக்’ என்று பட்டன. நீல வெளிச்சம் ஒன்று அறைக்குள் நிறைந்து, சுவரில் அலை அலையாக அசைந்தது. உள்ளே இருப்பவருக்குக் காற்று கிடைத்தது. வெளியே இருப்பவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

மத்தியானம் கணவர் வந்தார். வலை ஊசி வேண்டும். வழக்கம்போல் நேரே நடந்தார்... திரைக்கு முன்னால் சடாரென்று நின்றார்.

கதவென்றால் தட்டலாம். துணியை எப்படித் தட்டுவது? கையைத் தூக்கினார், இறக்கினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஊசிக்கு நூல் கோப்பதில் மும்முரமாக இருந்தேன்.

கடைசியில் குனிந்து, திரையின் கீழ் விளிம்பைப் பிடித்து, தரையில் இரண்டு முறை தட்டினார். டக், டக்.

“இது என்ர ஈயமெல்லோ...” என்று முணுமுணுத்தார். பிறகு குரலைச் சரிப்படுத்திக்கொண்டு, “றீற்றா, உள்ள வரலாமோ?” என்று கேட்டார்.

காற்று ஒருமுறை வந்து போனது.

“இப்ப வேண்டாம் அண்ணா. நான் படுக்கப் போறன்.”

அவர் வந்து என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். “வேண்டாமாம்” என்றார். கோபம் இல்லை. ஏதோ பெரிய செய்தி கொண்டுவந்தவர்போல இருந்தார். கொஞ்ச நேரத்தில், “வலைச் சாமானையெல்லாம் பின்னேரம் பின் தாழ்வாரத்துக்கு மாத்துவம்” என்றார், தனக்குத்தானே.

றீற்றா நாலரை மணிவரை நித்திரை கொண்டாள். அவளுக்கு ஊற்றிய தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது. ஒருவரும் உள்ளே போகவில்லை.

‘வேண்டாம்’ என்று பயமில்லாமல் சொல்ல முடிகிற இடத்துக்குத்தானே வீடு என்று பெயர்?