அப்பா பேசிய திரை

அப்பாவுக்கு அறுவை சிகிச்சை செய்து குரல்வளையை எடுத்த பிறகு, அவர் பேசியதெல்லாம் கம்ப்யூட்டரில்தான். கை நடுங்கியதால் பேனா பிடிக்க முடியவில்லை. போனிலோ எழுத்து சின்னது. அதனால் குரோம்பேட்டை வீட்டுக் கூடத்தில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பில், தமிழ் டைப் செய்யும் ஓர் இணையப் பக்கத்தைத் தனிச் செயலி மாதிரி நிறுவிக் கொடுத்தேன். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வரும். ஐகானைத் தட்டினால் தனியாகத் திறக்கும், நெட் இல்லாவிட்டாலும் ஓடும். லாகின், பாஸ்வேர்டு என்ற தொல்லை கிடையாது. அடித்ததைத் தானே சேமித்துக்கொள்ளும்.

சமையலறையிலிருந்தே அம்மா படிக்கட்டும் என்று எழுத்தைப் பெரிதாக வைத்தேன். இரண்டு வருஷம் அவர்கள் சண்டை போட்டதும் சமாதானமானதும் அப்படித்தான். ‘ரசத்தில் உப்பு இல்லை’ என்று திரையில் வரும். “நேத்து ஜாஸ்தின்னீங்க, இன்னிக்கு இல்லைன்றீங்க!” என்று அம்மா அங்கிருந்தே குரல் கொடுப்பாள். அப்பா எதையும் அழிக்கமாட்டார். பழையதற்குக் கீழேயே அடுத்ததை அடிப்பார்.

அவர் போன பிறகு, காலைச் சமையல் முடிந்ததும் அம்மா கம்ப்யூட்டரைப் போட்டு மேலிருந்து படிக்க ஆரம்பிப்பாள். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் பதிலும் சொல்வாள். எனக்கு அதைக் கேட்கக் கஷ்டமாக இருந்தது. “வேற வேலை இல்லையாம்மா?” என்று ஒருமுறை எரிந்து விழுந்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, “இது திறக்கவே அரை மணி நேரம் ஆகுதுடா, கொஞ்சம் பாரேன்” என்றாள். நான் காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிறவன். மெஷின் திணறினால் கை தானாகச் செய்கிற வேலை ஒன்று உண்டு, பிரவுசரில் சேர்ந்த குப்பையை அழிப்பது. இருந்த கட்டங்கள் எல்லாவற்றிலும் டிக் போட்டேன். பெரிய மேதாவி மாதிரி, “இப்ப பாரு, பறக்கும்” என்று வேறு சொன்னேன்.

மறுநாள் வேலையில் இருந்தபோது அம்மா போன் செய்தாள். “அப்பா எழுதினது ஒண்ணும் காணோம்டா. வெறும் வெள்ளையா இருக்கு.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. தனி ஐகான் இருந்தாலும் அந்தச் செயலி பிரவுசருக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அடித்தது மொத்தமும் நான் குப்பை என்று அழித்ததற்குள் இருந்தது. ஊரார் கம்ப்யூட்டருக்கெல்லாம் நகல் எடுத்து வைக்கிறவன், என் வீட்டில் எடுக்கவில்லை.

“நெட் பிரச்சினைம்மா. வந்துடும்” என்றேன்.

அம்மா நம்பினாள். தினமும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடினாள். “நெட்காரன்கிட்ட கேட்டியாடா?” என்பாள். “கேட்டிருக்கேன்” என்பேன், வாய் கூசாமல். ரயில் தாம்பரம் தாண்டும்போது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். குரோம்பேட்டையில் இறங்குவதற்குள் தைரியம் போய்விடும். இப்படியே மூன்று மாதம் ஓட்டினேன்.

கடைசியில் ஒரு சாயங்காலம், அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது, “நான்தாம்மா அழிச்சுட்டேன், தெரியாம. இனிமே வராது” என்றேன்.

அவள் கத்தவில்லை. கையிலிருந்த பூண்டைத் தட்டில் போட்டாள். “அன்னிக்கே சொல்லியிருந்தா, ஞாபகம் இருந்த வரைக்கும் எழுதி வச்சிருப்பேனே. வந்துடும்னு நீ சொன்னதாலதானே சும்மா இருந்தேன்” என்றாள்.

அழித்ததையாவது கைத்தவறு என்று சொல்லலாம். இதற்கு என்ன பெயர் வைப்பது? அழுகை வந்தது. அதை அடக்கிக்கொண்டு செயலியைத் திறந்து, “சொல்லும்மா, இப்ப நான் அடிக்கிறேன்” என்றேன்.

ஃபேன், மாத்திரை, எதிர்வீட்டு நாய் என்று நாலைந்து வரி சொன்னாள். அப்புறம், “‘நீ முதல்ல சாப்பிடு’ன்னு...” என்று இழுத்து நிறுத்தினாள்.

“இது அவர் எழுதினதா, நான் சொன்னதாடா?”

இரண்டு வருஷம் தினமும் அந்தத் திரையைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன், வந்தேன். ஒருநாளும் நின்று படித்ததில்லை. தெரியாது என்றேன்.