தெய்வத்திரு டில்லிபாபு

முகப்பேர் அடுக்ககம் ஒன்றில் பெருக்கித் துடைக்கும் வேம்புலியம்மாளுக்குக் குருவி பார்ப்பதும் ஒரு வேலை. மூன்றாம் மாடி நிவேதிதா பறவை ஆராய்ச்சிக்காரி. சுவரெல்லாம் மரப்பெட்டி மாட்டி, கூடு கட்டிய சிட்டுக்குருவிகளின் காலில் கலர் வளையம் போட்டிருந்தாள். எந்த வளையம் எந்தப் பெட்டியில், எதோடு எது ஜோடி என்று தினமும் பார்த்து நோட்டில் குறிப்பது வேம்புலியம்மாள். மூன்று வருடத்தில் ஒரு நாள் தப்பியதில்லை.

"ஒரே ஜோடியா இருக்கிற குருவிங்கதான் ரொம்ப நாள் உயிரோட இருக்குக்கா," என்றாள் நிவேதிதா ஒருநாள் சந்தோஷமாக. "ஜோடியை விட்டுப் போனதெல்லாம் அடுத்த வருஷம் காணோம்."

"இன்னா மேடம் சொல்றீங்கோ? அந்தச் செவப்பு வளையம் சாவல. பின்னாடித் தெரு மீட்டர் பொட்டியில வேற ஒருத்தியோட குஞ்சு பொரிச்சிகினு ஜம்முனு கீது."

"தெருத்தெருவா தேட முடியாதுக்கா. நம்ம காம்பவுண்டுக்குள்ள அறுபது நாள் கண்ணுல படலன்னா இறந்ததாத்தான் எழுதறோம்."

வேம்புலியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடிப்போனதுக்கு இவ்வளவு கௌரவமான சாவா? ஆனால் வீட்டுக்குப் போய் யோசிக்க யோசிக்க அந்த விதி அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

அவள் புருஷன் டில்லிபாபு பதினோரு வருடத்துக்கு முன்னால் நெமிலிச்சேரி சரசாவோடு போனவன். மகள் அகல்யாவுக்கு வரன் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் சொல்லியனுப்பினான்: அப்பன் நான்தான், மேடையில் நிற்பேன், பக்கத்தில் சரசாவும் நிற்பாள். பத்துப் பாத்திரம் தேய்த்து மகளை ஆளாக்கியது யார், பட்டு வேட்டியில் வந்து நிற்கப்போவது யார்! அரக்கோணத்து மாப்பிள்ளை வீட்டாரிடம் அவன் செத்துப்போய்விட்டான் என்றே சொன்னாள். பத்திரிகையிலும் 'தெய்வத்திரு டில்லிபாபு' என்று போட்டாள். அவள் குடியிருக்கும் மேனாம்பேட்டு சனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பத்திரிகையைப் பார்த்தவன் கல்யாணத்துப் பக்கமே தலைகாட்டவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தாள்.

முகூர்த்தத்தில், பெண்ணைத் தாரை வார்ப்பவர்கள் வரலாம் என்று ஐயர் கூப்பிட்டார். புதுப் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு வேம்புலியம்மாள் மேடையேறப் போனாள். மாப்பிள்ளையின் அம்மா எழிலரசி மெதுவாக அவள் கையைப் பிடித்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க சம்மந்தி. ஜோடியா இருக்கிறவங்கதான் தாரை வார்க்கணும். உங்க அண்ணனும் அண்ணியும் நிக்கட்டும். தாலி கட்டற நேரம், நீங்க கொஞ்சம் அந்தப் பக்கமா..."

'அவன் உசுரோடதான் கீறான்' என்பது தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னால் கல்யாணம் நின்றுபோகும். மென்று விழுங்கினாள். நெமிலிச்சேரியில் அவன் குத்துக்கல்லாட்டம் இருக்கிறான். இங்கே தாலி அறுத்தவளாக நின்றது அவள்தான்.

பத்து வருடமாக அவள் வாசலை மிதிக்காத அண்ணனும் அண்ணியும் அகல்யாவின் கையைப் பிடித்து நீர் வார்த்தார்கள். கெட்டிமேளம் கொட்டியபோது வேம்புலியம்மாள் பந்திக் கூடத்தில் தனியாக நின்றிருந்தாள்.

"யாரும்மா நீ? பந்தி இன்னும் போடல," என்றார் சமையல்காரர்.

"பொண்ணோட அம்மா," என்றாள்.

அவர் நம்பவில்லை.