அடி கனத்த கப்பு

இன்னைக்கு எங்க மண்பாண்டப் பயிற்சி மையத்துல கண்காட்சி. மேசை நிறைய நாங்க கையால செஞ்ச பீங்கான் தட்டு, கிண்ணம், கப்பு.

என் கப்பை மட்டும் ஒரு பெரிய கிண்ணத்துக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தேன். சூளையில வைக்கதுக்கு முன்னாடி அடியைச் சீவி மெலிசாக்க மறந்துட்டேன். அடி அகலமா, சொரசொரன்னு, நங்கூரம் மாதிரி கனம்.

மாலத்தீவுக்குச் சரக்கு ஏத்திட்டுப் போற தோணியில சமையல் பாக்குற ஒரு அண்ணாச்சி வந்தாரு. அழகான கப்பையெல்லாம் விட்டுட்டு நேரா என்னோடதை எடுத்தாரு.

"அண்ணாச்சி, அது சரியா வரலை"ன்னேன்.

"சும்மா இரு தாயி."

ஒரு ட்ரேயில என் கப்பையும் வேற ரெண்டு கப்பையும் வச்சு, தண்ணி ஊத்தி, அலையில தோணி ஆடுத மாதிரி சரிச்சாரு. நான் பதறிப்போய் ரெண்டு கையையும் நீட்டுனேன். மத்த ரெண்டும் சறுக்கி வந்து என் கையில விழுந்துச்சு. என்னோடது அசையவே இல்ல.

"கடல்ல பாதி டீய எங்க சட்டைதான் குடிக்கும். இது நிக்கும், பாத்துக்கோ"ன்னு சிரிச்சாரு.

ஒரு மாசமா என் கையை நானே திட்டிக்கிட்டிருந்தேன். அண்ணாச்சி, ரொம்ப நன்றி.

கப்போட கிளம்புறப்ப, "தோணியில நாங்க ஏழு பேரு தாயி. இதே மாதிரி இன்னும் ஆறு வேணும்"ன்னாரு. நானும் சந்தோசத்துல தலையாட்டிட்டேன்.

தெரியாம ஒரு தடவை செஞ்ச தப்பை, தெரிஞ்சே ஆறு தடவை எப்படிச் செய்யன்னு யாராவது சொல்லுங்க. புண்ணியமா போவும்.