சுவரில் விழுந்த ஃபோகஸ்

மலேசியாவில், பத்து காஜா ஊருக்கு வெளியே, ஒரு பழைய ரப்பர் தோட்டத்து லயத்தின் முன்னால் நிற்கிறேன். வரிசையாக ஒட்டிய வீடுகள். அடுத்த வாரம் இடிக்கப் போகிறார்கள். கடைசி வீட்டுச் சரசு அக்கா, மகளுக்கு அனுப்ப வீட்டோடு தன்னை ஒரு படம் எடுத்துத் தரச் சொல்கிறார்.

என் புதுக் கேமராவில் மாட்டியிருப்பது என் வயதுள்ள லென்ஸ். ஃபோகஸ் தானாக வராது, வளையத்தைக் கையால் திருக வேண்டும். எது துல்லியமாகிறதோ அதன் ஓரத்தில் திரையில் சிவப்புக் கோடு மின்னும்.

அக்கா சேலை மாற்றி, பவுடர் போட்டுக்கொண்டு வந்து வெயிலில் அசையாமல் நிற்கிறார். திருகுகிறேன். அவர் கண்ணோரம் சிவப்பு மின்னுகிறது. இன்னும் கொஞ்சம் திருகினால் பின்சுவர். நீலத்துக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் வெள்ளை என்று சுண்ணாம்பு அழகாக உரிந்திருக்கிறது. அங்கே நிறுத்தி எடுத்துவிடுகிறேன்.

அக்கா ஆசையாக வந்து திரையைப் பார்க்கிறார்.

"செவுரு பளிச்சுன்னு இருக்கு. என் மூஞ்சி ஏன் தம்பி கலங்கலா இருக்கு?"

"லென்ஸ் பழசுக்கா, அதான்."

பொய் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"பழசுன்னா அப்படித்தான்லா," என்று லென்ஸுக்காகப் பரிந்து பேசுகிறார்.

"இன்னொன்னு எடுக்கிறேன்க்கா."

பழைய இடத்துக்கே போய் நிற்கிறார். திரும்பிச் சுவரைப் பார்க்கிறார், பிறகு என்னை. இரண்டடி ஓரமாக நகர்கிறார்.

"நான் செவுர மறைக்கிறேனோ தம்பி? இப்ப சரியா இருக்கா?"