தரையை விட்டு எழும்பினேனா?

அறுபத்தெட்டு வயதில் என்னைக் குதிக்கச் சொன்னார்கள். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. மெதுவாக நட, கம்பியைப் பிடி, அவசரப்படாதே என்று பத்து வருஷமாகப் புத்தி சொன்னவர்களும் டாக்டர்கள்தானே?

ஈப்போவில் என்னைப் பார்க்கும் பிசியோதெரபி பெண் என் மகளைவிடச் சின்னவள். நாற்காலியிலிருந்து எழச் சொன்னாள். நானும் நிதானமாக, சாமி கும்பிடுகிற மாதிரி, இருபது முறை எழுந்து உட்கார்ந்தேன். உதட்டைப் பிதுக்கினாள்.

"பலம் இருக்கு ஆன்ட்டி, வேகந்தான் இல்ல. தடுக்குனா கால் சட்டுனு முன்னால வரணும்லா. வீட்ல குதிச்சுப் பழகுங்க."

பலம் வேறு, வேகம் வேறா? அப்படியானால் இத்தனை நாள் பொத்திப் பொத்தி நான் எதைக் காப்பாற்றினேன்?

சுங்கை சிப்புட்டில் பஸ் ஏறும்போது நான் விழுந்ததிலிருந்து, கோலாலம்பூர் மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். மாதக் கடைசிக்குள் நான் தேறாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு நானும் என் கணவரும் அவளுடைய பதினேழாவது மாடிக்குப் போய்விட வேண்டுமாம். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள் நான், ஆபீஸில் தட்டச்சு செய்து கட்டிய வீடு இது. விட்டுவிட்டு எங்கே போக?

அதனால் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். உடம்பு குலுங்கியது, பாதம் எழும்பியதா என்று எனக்கே தெரியவில்லை. எழும்பவே இல்லை என்று என் கணவர் அடித்துச் சொன்னார். பெரிய சண்டை. கடைசியில் அவரே கைலியை மடித்துக் கட்டி, தரையில் கன்னம் பட ஒருக்களித்துப் படுத்தார். நான் மறுபடி குதித்தேன்.

"வெளிச்சம் தெரியுது," என்றார்.

பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல் கனம் இருக்குமாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சரி, எழுந்திருங்கள் என்றேன்.

அவர் எழவில்லை. கையை ஊன்றினார், முட்டியை மடக்கினார், திரும்பச் சாய்ந்தார். விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். விழுந்தது நான்தானே? பயிற்சிக்குப் போவதும் நான்தானே?

அந்த நேரம் பார்த்து மகள் வீடியோவில் கூப்பிட்டாள்.

"அவகிட்ட சொல்லிடாத," என்றார், தரையிலிருந்து.

கைப்பேசியை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்தேன். குதித்தாயா என்று கேட்டாள். குதித்தேன் என்றேன்.

"அப்பா எங்கம்மா?"

"குளிக்கிறாரு."

கீழே அவர் கை என் கணுக்காலை இறுக்கிப் பிடித்திருந்தது. எழுவதற்கா, பயத்திலா என்று எனக்குப் புரியவில்லை.