த்ரீ கிங்ஸில் கார்லோஸாக இருந்த மூன்று வருடம்

1. மீசை

முதல் நாளே சிவா அண்ணா என் மீசையை உற்றுப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர். த்ரீ கிங்ஸ் என்கிற வெளிநாட்டுப் புறநகரில் அவர் மெக்சிகன் உணவகம் திறந்திருந்த புதிது.

"தம்பி, மெக்சிகோ ஆக்கள் ஒருத்தரும் கிடைக்கேல்லை. நீர் மதுரை எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்று ஓர் அகலத் தொப்பியையும் 'கார்லோஸ்' என்று எழுதிய பேட்ஜையும் கொடுத்தார்.

சும்மா சொல்லக்கூடாது, கார்லோஸ் உத்தியோகம் எனக்குப் பிடித்திருந்தது. மேசைக்கு மேசை போய் அளந்துவிடுவேன். சப்ளையர் கொடுத்தது பாக்கெட்டில் வரும் டார்ட்டியா, அதாவது மெக்சிகோ சோள ரொட்டி. அதனால் "எங்க ஊர்ல ரொட்டிக்குக் கோதுமையைத் தொடவே மாட்டோம்" என்று ஒரு போடு போட்டேன். வாராவாரம் வரும் கிரகாம், ரிட்டயர்டு பஸ் டிரைவர், அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

2. டிரையல்

மூன்றாம் வருடம் லூப்பே வந்தாள். நிஜ மெக்சிகோக்காரி. டிஹுவானாவில் அமெரிக்க எல்லைச் சுவரை ஒட்டி வீடு. அவள் அம்மா தினமும் வரிசையில் நின்று அந்தப் பக்கம் போய், ஹோட்டலில் பெட்ஷீட் மாற்றிவிட்டு, சாயங்காலம் இந்தப் பக்கம் வந்து சமைப்பாராம். "எங்களுக்கு எல்லை ஒரு பஸ் ஸ்டாப் மாதிரி" என்றாள். என்னைப் பார்த்ததும் ஏனோ சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு நாள் சமையல் டிரையல். தேறினால் வேலைக் கடிதம். இல்லாவிட்டால் விசா முடிந்து ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

அவள் பிசைந்தது கோதுமை மாவு. எங்கள் சப்பாத்தியைவிட மெல்லிசாகத் தேய்த்து, கல்லில் போட்டு, சுட்ட மாட்டிறைச்சியை உள்ளே வைத்தாள். மெக்சிகோவின் வடக்கில் அதுதான் வீட்டுச் சாப்பாடாம். நான் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

கிரகாம் தட்டைத் தள்ளிவிட்டார். "இது மெக்சிகன் இல்லையே. கோதுமையைத் தொட மாட்டாங்கன்னு கார்லோஸே சொல்லியிருக்கான்."

சிவா அண்ணா என்னிடம் மெதுவாக, "பிள்ளைக்குச் சமையல் தெரியேல்லை போல. அனுப்பிவிடுவமே?" என்றார். லூப்பே ஏப்ரனில் கையைத் துடைத்தபடி என் பேட்ஜையே பார்த்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

தொப்பியைக் கழற்றினேன். "கிரகாம், என் பேரு முருகேசன். சொந்த ஊர் இந்தியாவுல மதுரை. மெக்சிகோவை மேப்லதான் பார்த்திருக்கேன். கோதுமைக் கதை நான் விட்ட ரீல். இந்தப் பொண்ணுதான் அசல்."

கிரகாம் அசரவில்லை. "நீ இந்தியான்னு தெரியும்ப்பா. பக்கத்துல சான்ட்ரிங்ஹாம் இந்தியக் கடையில இட்லி மாவோட உன்னை எத்தனை தடவை பார்த்திருக்கேன். ஆனா கோதுமை விஷயத்தை நம்பிட்டேனே" என்று தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார். சாப்பிட்டு முடித்து, இன்னொன்றும் கொண்டுவரச் சொன்னார்.

3. தொப்பி

கடிதம் கிடைத்தது. மறுநாள் சிவா அண்ணா தொப்பியை லூப்பேயிடம் நீட்டினார். "எங்க ஊர்ல இதை டூரிஸ்ட்தான் போடுவாங்க" என்று மறுத்துவிட்டாள்.

முதல் நாள் ஏன் சிரித்தாள் என்று கேட்டேன். அவள் அப்பாவுக்கு டூரிஸ்ட் தெருவில் தொழில். ஒரு கழுதைக்கு வரிக்குதிரை மாதிரி கோடு போட்டு நிறுத்துவார். எல்லை தாண்டி வருகிறவர்கள் தொப்பி மாட்டிக்கொண்டு அதோடு போட்டோ எடுப்பார்கள்.

"உங்களைப் பார்த்ததும் அந்தக் கழுதை ஞாபகம் வந்துடுச்சு. அப்பாவை நினைச்சு அழுகையும் வந்துச்சு" என்றாள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வயிற்றுப்பாட்டுக்கு நாலு கோடு போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. அது இன்னொருத்தர் வயிற்றில் அடிக்கிறது என்று தெரிந்தால், எல்லோர் முன்னாலும் நின்று அழித்துவிடுங்கள்.