அடுத்த கேசட்டில் வருவாள்

நேற்று மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, கோழிக்கு வினாகிரியும் பூண்டும் முழு மிளகும் போட்டு அடுப்பில் வைத்தேன். ஒரு ஆளுக்கு எதற்குத் தேங்காய் துருவுவது என்ற சோம்பேறித்தனம்தான். மூடியைத் திறந்ததும் குப்பென்று லோர்னாவின் வாசம். வெளியே எங்கள் ஊர் இரத்தோட்டையின் மழை. நானோ குவைத்தில் ஒரு குசினிக்குள் நிற்கிறேன்.

லோர்னா பிலிப்பீன்ஸ்காரி. அந்த வீட்டில் சமையல் அவளுக்கு, துணியும் துடைப்பமும் எனக்கு. அரை அரபி, கால் இங்கிலீசு, மிச்சத்தைக் கையால் பேசிக்கொள்வோம். ஆனால் பாருங்கள், என் ஞாபகத்தில் அவள் நல்ல தேயிலைத் தோட்டத்துத் தமிழ்தான் பேசுகிறாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரர்கள் மாமியார் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய டிவியும் வீடியோ டெக்கும் எங்கள் அறையில் இருந்தன. லோர்னாவின் தங்கச்சி ஊரில் டிவி நாடகத்தைப் பதிந்து, லீவு முடிந்து திரும்புகிறவர்களிடம் கேசட் கொடுத்தனுப்புவாள். சிரிப்பு நாடகம். அப்பன் டிரைவர், அவன் வண்டி நம்மூர் பஸ்ஸும் ஜீப்பும் கல்யாணம் கட்டிப் பெற்ற பிள்ளை மாதிரி இருக்கும். மூன்று பிள்ளைகள், ஒழுகுகிற கூரை, எதற்கெடுத்தாலும் மூக்கை நுழைக்கிற பக்கத்து வீட்டுக்காரி. அவள் தலையைக் கண்டாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். எங்கள் லயத்திலும் அப்படி ஒருத்தி இருந்தாள்.

"இந்தப் புள்ளைங்களோட அம்மா எங்க?" என்று முதல் நாளே கேட்டேன்.

லோர்னா கொஞ்சம் யோசித்தாள். "குவைத்ல. நம்மள மாதிரி வேலைக்குப் போயிருக்கா."

"எப்ப வருவா?"

"அடுத்த கேசட்ல வந்துருவா."

வரவில்லை. டிக்கட் கிடைக்கவில்லையாம். அதற்கடுத்த கேசட்டில் மேடத்துக்குப் பிள்ளை பிறந்துவிட்டதாம், விடமாட்டார்களாம். பிறகு பாஸ்போர்ட் முதலாளி கையிலாம். என் புத்தியை என்ன சொல்ல! இதெல்லாம் எங்கள் மேடம் எங்களுக்குச் சொன்ன சாக்குகள் என்று ஒரு நாளும் உறைக்கவில்லை. நாடகத்தில் அந்த அம்மாவின் படம் சுவரில் தொங்கும், முன்னால் மெழுகுவர்த்தி எரியும். கடல் தாண்டிப் போனவளுக்காக வேண்டிக்கொள்கிறார்கள் என்றே நினைத்தேன். ஏனென்றால் என் அக்காவும் வீட்டில் என் போட்டோவை மாதா படத்துக்குக் கீழே வைத்து மெழுகுவர்த்தி கொளுத்திக்கொண்டிருந்தாள்.

இரண்டு வயது மகளை அந்த அக்காவிடம் விட்டுவிட்டுத்தான் நான் போயிருந்தேன். நாடகத்து அம்மா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வர, பிள்ளைகள் ஓடிவந்து கட்டிப்பிடிப்பதை ஒரு தரம் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் வெள்ளிக்கு வெள்ளி அப்படித் தவித்தேன்.

அதற்குள் என் கொன்ட்ராக்ட் முடிந்துவிட்டது. "அம்மா வர்ற கேசட் வந்தா உனக்கு அனுப்புறேன்," என்று லோர்னா வாசலில் நின்று அழுதாள்.

வீட்டுக்கு வந்தேன். மகள் அக்காவின் பாவாடைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு கேட்டாள்: "பெரியம்மா, இந்த ஆன்ட்டி எப்பப் போவாங்க?"

அன்றைக்குப் பட்ட வலி இன்னும் ஆறவில்லை. அதனாலேயே அந்தக் கேசட் எனக்கு இன்னும் வேண்டியிருந்தது. எங்கேயாவது ஒரு வீட்டிலாவது அது ஒழுங்காக நடந்திருக்க வேண்டுமே.

அந்த மகள் இப்போது டோஹாவில் வேலை செய்கிறாள். போனில் பேஸ்புக் போட்டுக் கொடுத்ததும் அவள்தான். அதில் ஒரு நாள் அந்த டிரைவர் அப்பனின் மீசை! பிலிப்பீன்ஸ்காரர்கள் கூட்டமாகச் சேர்ந்து அந்த நாடகத்தின் தொலைந்த பகுதிகளைத் தேடுகிறார்கள். டிவிக்காரர்கள் பழைய டேப்பிலேயே வேறு எதையோ பதிந்துவிட்டார்களாம். வீடுகளில் பதிந்து வைத்தது யாரிடமாவது இருக்குமா என்று கேட்கிறார்கள். நானும் எழுதினேன்: குவைத்திலிருந்து அம்மா திரும்பி வருகிற பகுதி யாரிடமாவது இருக்கிறதா?

போன வாரம் ஒரு பெரியவர் பதில் போட்டிருந்தார். மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்தினேன். "மன்னிக்கவும் சகோதரி. அப்படி ஒரு பகுதி எடுக்கப்படவில்லை. அந்தத் தாய் கதை தொடங்கும்போதே இறந்துவிட்டார்."

முதலில் கோபம்தான் வந்தது. படுபாவி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எத்தனை வெள்ளிக்கிழமை புளுகியிருக்கிறாள்! பிறகு உட்கார்ந்து அழுதேன். லோர்னாவும் ஊரில் ஒரு மகனை விட்டுவிட்டு வந்தவள். செத்தவளை உயிரோடு குவைத்துக்கு அனுப்பியது எனக்காகவா, தனக்காகவா?

டெக் இல்லை, கேசட் இல்லை, மெழுகுவர்த்தி கொளுத்திய அக்காவும் இல்லை. நேற்றுப் பின்னேரம் மகள் போன் எடுத்தாள். "லீவு தரமாட்டேங்கறாங்கம்மா. அடுத்த மாசம் கட்டாயம் வந்துருவேன்."

"சரி மகள்," என்றேன்.

கோழியை வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டேன். லோர்னா என்னை ஏமாற்றிய கதையைச் சொல்லி விழுந்து விழுந்து சிரிக்க லோர்னா ஒருத்திதான் சரியான ஆள். தொலைந்த நாடகத்தைத் தேட அத்தனை பேர் இருக்கிறார்கள். அவளைத் தேடலாமென்றால், அவளுடைய முழுப் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.